மோன்செராட் மாதா சிலை குகையில் கிடைத்ததாகச் சொல்வது உண்மையா?

கதை இது. கி.பி. 880-இல், ஸ்பெயினின் கட்டலோனியாவில் உள்ள மோன்செராட் மலையில், ஒரு சனிக்கிழமை மாலை வானத்திலிருந்து ஒளி இறங்குவதை ஆடு மேய்க்கும் சிறுவர்கள் பார்க்கிறார்கள். கூடவே இசையும் கேட்கிறது. அடுத்தடுத்த சனிக்கிழமைகளிலும் அப்படியே. தேடிப்போனால் குகைக்குள் மாதா சிலை. ஆயர் (பிஷப்) அதை அருகிலுள்ள மன்ரேசா நகருக்குக் கொண்டுபோகச் சொல்ல, சிலை கனத்துப்போய் நகர மறுக்கிறது. 'இங்கேயே இருக்க மாதாவுக்கு விருப்பம்' என்று மலையிலேயே கோயில் எழுப்பினார்கள். முதல் நூற்றாண்டில் நற்செய்தி எழுதிய புனித லூக்கா செதுக்கியது, ஸ்பெயின்மீது படையெடுத்த மூர்களுக்கு (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) பயந்து ஒளித்துவைத்தது என்று இதற்கு ஒரு முன்கதையும் உண்டு.

சிலையோ வேறு சொல்கிறது. இப்போது அங்கிருக்கும் மரச்சிலை ரோமானெஸ்க் என்ற இடைக்கால ஐரோப்பியக் கலைப் பாணியில், 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்டது. லூக்காவும் 880-உம் அங்கேயே அடிபட்டுப்போகிறார்கள். மேய்ப்பனும் லூக்காவும் ஸ்பெயினின் இன்னொரு பகுதியான எக்ஸ்ட்ரிமதுராவின் குவாடலூப்பே மாதா கதையிலும் வருகிறார்கள். ஆக, ஊர் ஊராகச் சுற்றிய கதைதான்.

ஆனால் 880 என்ற ஆண்டை முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளவும் மாட்டேன். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இம்மலையில் மரியாவின் சிற்றாலயம் ஒன்று கட்டலோனியாவின் ரிப்போல் துறவு மடத்தின் வசம் இருந்தது. ரிப்போல் மடாதிபதி ஒலிபா இங்கே துறவு மடம் நிறுவியது 1025 வாக்கில். வழிபாடு முந்தியது, சிலை பிந்தியது. கதை இரண்டையும் ஒட்டவைத்துவிட்டது.