பொங்கல் இல்லாத வீட்டில் வாசிப்பு: கேள்வி பதில்

செத்தவீடு நடந்து ஆண்டு திரும்பமுன் நத்தார் என்கிற கிறிஸ்மசும் பொங்கலும் வந்துவிடுகின்றன. வாசிப்பில் ஆறுதல் தேடுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற நூலகர் ஒருவரின் பதில்கள்.

கொக்குவில்: அம்மா புரட்டாதியில் தவறிவிட்டா. பொங்கலன்று என்ன வாசிக்கலாம்?

அயலில் வெடிச்சத்தம் கேட்கும், உங்கள் முற்றத்தில் பானை இராது. அந்தக் காலைப்பொழுது லேசில் நகராது. அந்தியேட்டிக் கிரியைக்கு அடித்த கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், மிச்சம் கிடக்குமே, அதை எடுங்கோ. 31ஆம் நாள் வந்தவர்களைக் கவனித்ததில் நீங்கள் அதைத் திறந்தும் பார்த்திருக்க மாட்டீர்கள். திதி வெண்பா இருக்கும்: ஆண்டு, மாதம், பட்சம், திதி எல்லாம் நாலு வரிக்குள். திவச நாள் மறவாதிருக்கச் செய்த உபாயம் அது. பிறகு கணவர், மக்கள், மருமக்கள், பேரர் என்று முறைவைத்துப் புலம்பல். மக்கள் புலம்பலைச் சகோதரங்களை இருத்திவைத்துச் சத்தமாக வாசியுங்கோ. தனியே கதவைச் சாத்திக்கொண்டு வாசியாதேங்கோ.

சித்திரைப் பூரணையன்று கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், கஞ்சியும் வார்ப்பார்கள். தாயை இழந்தவர்கள் பிடிக்கிற விரதம். பக்கத்தில் இருக்கிறவருக்கும் உங்கள் குறைதான். போய் இருங்கோ.

நல்லூர்: சாவுத் தீட்டான துடக்கோடு திருவாசகம் படிக்கலாமோ?

செத்தவீட்டில் சுண்ணம் இடிக்கையில் பாடுகிற திருப்பொற்சுண்ணம் திருவாசகம் இல்லாமல் வேறென்ன? மிச்சத்தைக் குருக்களிடம் கேளுங்கோ.

ரொறன்ரோ: கல்வெட்டெல்லாம் பெயரை மாற்றி அடித்தவை ஐயா. என் அப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரே புலம்பல்!

உண்மை. சல்லிக்காசு ஈயாதவரையும் கற்பகதரு என்று பாடியதற்கு நானே அச்சுப்பிழை திருத்தியிருக்கிறேன்.

சுன்னாகம்: ஒப்பாரியும் பொது வரிதானே? அதற்கு அழுகை வரவில்லையோ?

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். வாய் திறக்க மாட்டாத நேரத்தில் எவரோ கட்டிவைத்த வரிதான் கைகொடுக்கும்.

ரொறன்ரோ: பொய்ப் புகழ்ச்சி எப்படி ஆறுதலாகும்?

ஆகாது. அதனால்தான் புலவர் பாட்டைத் தாண்டி, பிள்ளைகள் வசனமாக எழுதின பக்கத்துக்குப் போங்கோ என்கிறேன். உங்கள் அப்பா சைக்கிளுக்கு எண்ணெய் விட்ட விதம் எந்தப் புலவருக்குத் தெரியும்? நீங்களே எழுதுங்கோ.

குருநகர்: அவர் இல்லாத முதல் நத்தார். வியாகுலப் பிரசங்கம் வாசிக்கலாமா?

யேசுவின் பாடுகளைச் சொல்கிற அந்த நூல் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் எழுதியது. தவக்காலத்தில் ராகத்தோடு வாசிப்பது. மார்கழியில் மனம் கேட்டால் வீட்டில் வாசியுங்கோ, மச்சாளையும் கூப்பிட்டு. தனியே வேண்டாம்.

மானிப்பாய்: நல்ல புத்தகம் ஒன்று சொல்லுங்கோ.

இதே கேள்வி மூன்றாம் தரம். மேலே பாருங்கோ.

தெல்லிப்பழை: அப்பப்பாவின் கல்வெட்டு 1995 இடம்பெயர்வில் தொலைந்தது.

நூலகம் இணையத்தளத்தில் நினைவு மலர்கள் உண்டு. பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கோ. கிடைக்காவிட்டால் பழைய பஞ்சாங்கம் சேர்த்து வைக்கிற மாமி ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பா, அவவிடம் கல்வெட்டும் இருக்கும், கேளுங்கோ.

சாவகச்சேரி: நாலு மாதமாக நித்திரையில்லை. விடியும்வரை வாசிக்கிறேன், சாப்பிடவும் மனமில்லை.

இது புத்தகத்தால் தீராது. நாளைக்கே வைத்தியரைப் பாருங்கோ, ஒருவரைக் கூட்டிக்கொண்டு.

உரும்பிராய்: நல்ல புத்தகம்...

மேலே!

ரொறன்ரோ: எழுதிப் பார்த்தேன். ஒரு பக்கம்தான் வந்தது. எண்ணெய்ப் போத்தலோடு நின்றுவிட்டது.

அக்காவுக்குப் போன் எடுத்து வாசித்துக் காட்டுங்கோ. போத்தலின் மூடி என்ன நிறம் என்று அவ சொல்லுவா.