நுண்கடன் வழக்கு இருந்தால் மாகாண சபைக்குப் போட்டியிட முடியாதா?

கேள்வி: ஐயா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி. காணி, குடிதண்ணீர், கடன் பிரச்சினை என்று எல்லாவற்றுக்கும் சனத்தோடு நின்றிருக்கிறேன். அடுத்த மாகாண சபைத் தேர்தலில் சுயேச்சையாக நிற்கச் சொல்லி ஊரில் கேட்கிறார்கள். ஆனால் ஒரு நுண்கடன் கொம்பனி என்மேல் வழக்குப் போட்டிருக்கிறது. வழக்கு இருந்தால் வேட்புமனு தள்ளுபடியாகுமாம். ஒன்றரை இலட்சம் தந்தால் அதைச் சரிக்கட்டி, வேட்பாளர் லிஸ்ட்டில் பெயரும் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் அடையாள அட்டைக் கொப்பியும் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம் சகோதரி. காசும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்.

கடன் வழக்கு உங்களைத் தடுக்காது. சட்டம் தடுப்பது, நீதிமன்றம் வங்குரோத்தானவர் என்று பிரகடனப்படுத்தி, அந்த நிலையிலிருந்து இன்னும் விடுவிக்கப்படாத ஆளைத்தான். தவணை பிந்தியது, கொம்பனி சிவில் வழக்குப் போட்டது, ஏன், தீர்ப்பே உங்களுக்கு எதிராக வந்து மாதாமாதம் கட்டச் சொன்னாலும் அது வங்குரோத்து ஆகாது. போர் முடிந்த கையோடு வீட்டு வாசலுக்கு வந்து கடன் கொடுத்து, வாராவாரம் முற்றத்தில் கூட்டம் வைத்து அறவிட்டார்களே, அந்தக் கடனுக்காக வன்னிப் பெண்கள் தலைகுனிய வேண்டியதே இல்லை. வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசே அறிவித்தது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இதைக் கவனமாக வாசியுங்கள். சிவில் வழக்கு வேறு, குற்றவியல் வழக்கு வேறு. இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய ஒரு குற்றத்துக்கு நீங்கள் குற்றவாளியாகக் காணப்பட்டு, ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றிருந்தால், அதை அனுபவித்து முடித்து ஏழு வருடம் ஆகும்வரை போட்டியிட முடியாது. இங்கே மூன்றும் சேர வேண்டும்: அந்த அளவு பாரமான குற்றம், தீர்ப்பு, ஆறு மாதச் சிறை. உங்களைத் தடுக்கப் பொலிஸ் முறைப்பாடு மட்டும் இருந்தால் போதாது. வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் போதாது. அபராதம் கட்டி வெளியே வந்திருந்தாலும் போதாது. ஆகவே உங்கள் அழைப்பாணையை எடுத்து, அது மாவட்ட நீதிமன்றத்திலிருந்து வந்ததா, நீதவான் நீதிமன்றத்திலிருந்து வந்ததா என்று முதலில் பாருங்கள். கடனை அறவிடும் சிவில் வழக்கு பொதுவாக மாவட்ட நீதிமன்றத்தில் நடக்கும்; நீதவான் நீதிமன்றம் என்றால் அது குற்றவியல் வழக்காக இருக்கலாம்.

இனி அந்த மனிதருக்கு வருவோம். அவர் விற்கும் லிஸ்ட் இன்று உலகத்தில் இல்லை. வேட்புமனு கோரி அறிவித்தல் வந்த பிறகுதான் லிஸ்ட் என்று ஒன்று இருக்க முடியும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்கு முந்தைய வருடம் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் போட்டார்கள். புதிய முறைக்காகத் தொகுதி பிரித்த எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை, ஆளுநர் ஆட்சி மட்டும் நடக்கிறது. சனம் தெரிவு செய்த சபையை இப்படி வருடக்கணக்காகப் பூட்டி வைத்திருப்பது அநியாயம். அந்த வெறுமையில்தான் இப்படியான தரகர்கள் முளைக்கிறார்கள்.

2013இல் முல்லைத்தீவுக்கு ஐந்து ஆசனம். ஆசனத்தோடு மூன்று பேரைக் கூட்டி எட்டுப் பெயர் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பெயர் குறைந்தாலும் முழு மனுவும் போய்விடும். இப்படி எண்ணிக்கையை நிரப்பத்தான் உங்களைப் போன்றவர்களின் வெற்றுக் கையெழுத்து தேவைப்படுகிறது. யாரோ ஒரு பெரிய புள்ளி தன் ஆட்களை வாக்குச்சாவடிக்குள் முகவர்களாக இருத்துவதற்காகவே போடுகிற டம்மிக் குழுவில் நீங்கள் எட்டாவது ஆளாகக் கிடப்பீர்கள்.

அதோடு முடியாது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெறுபேறு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், சல்லிக்காசு செலவழிக்காதவரும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் மீது 2024 தேர்தல்களுக்குப் பிறகு சட்ட நடவடிக்கை எடுத்தார்கள். நீங்கள் வேட்பாளர் என்பதே உங்களுக்குத் தெரியாமல் இருக்கும்போது பொலிஸ் உங்களைத் தேடி வரும். கடன் வழக்குக்குப் பயந்து போய் உண்மையான குற்ற வழக்கில் மாட்டுவது இப்படித்தான்.

தேர்தல் அறிவித்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஆட்களோடு நீங்களே குழு அமையுங்கள். படிவத்தை மாவட்டச் செயலகத்தில் உள்ள தேர்தல் அலுவலகத்தில் கேளுங்கள், கட்டுப்பணத்தை அங்கேயே கட்டி ரசீது வாங்குங்கள். முழுதாக நிரப்பி, வாசித்து, சமாதான நீதவானுக்கு முன்னால் கையெழுத்து வையுங்கள். கடைசி நாள் மதியம் 12 மணிக்குப் பிறகு ஒரு நிமிடமும் தரமாட்டார்கள். 2025 உள்ளூராட்சித் தேர்தலில் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியாக உறுதிப்படுத்தப்படவில்லை என்று மனுக்களைத் தள்ளிவிட்டு, நீதிமன்றம் வரை சனத்தை அலைய வைத்தார்கள். ஆகவே கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கொண்டுபோய்க் கொடுங்கள். சங்கத்தின் காசையோ கடிதத் தலைப்பையோ இதற்குள் இழுக்க வேண்டாம். தலைவியாக இருந்துகொண்டு போட்டியிடச் சங்கத்தின் யாப்பு இடம் தருகிறதா என்றும் பாருங்கள்.

இப்போது அவசரமானது உங்கள் கடன் வழக்குத்தான். வெட்கப்பட்டு நீதிமன்றம் போகாமல் விட்டால், நீங்கள் இல்லாமலேயே ஒருதரப்பாகத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கொம்பனி சொன்ன வட்டியெல்லாம் அப்படியே உங்கள் தலையில் விழும். கட்டிய தவணைத் துண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு, வழக்கின் அடுத்த தவணைத் திகதிக்கு முன்பு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள்.