அசாசிட்டிடின் ஊசி எப்படி வேலை செய்கிறது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக முதிராமல் போகும் நோய் எம்.டி.எஸ். அதற்குப் போடும் கீமோ ஊசிகளில் ஒன்று அசாசிட்டிடின். அமெரிக்காவில் 2004-இல் அனுமதி கிடைத்தது.

அணுக்கள் முதிர உதவும் சில மரபணுக்கள் இந்த நோயில் அணைந்து கிடக்கும். சுவிட்ச் மேல் டேப் ஒட்டிவிட்டால் லைட் போட முடியுமா? மருந்து அந்த டேப்பை உரிக்கிறது. கூடவே கெட்ட அணுக்களில் கொஞ்சத்தைக் கொல்லவும் செய்கிறது.

வழக்கமாக 28 நாள் சுற்றில் 7 நாள், வயிறு, தொடை அல்லது மேல்கையில் தோலுக்கடியில் போடுவார்கள். கரைத்த மருந்து கலங்கலாகத்தான் இருக்கும். அடியில் தங்காமலிருக்க, போடும் முன் நர்ஸ் சிரிஞ்சை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுவார். புது ஊசி பழைய இடத்திலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும். சிவந்த, கன்றிய இடம் கூடாது. சிகிச்சையின்போது ஆண், பெண் இருவருமே கருத்தடையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் காய்ச்சல். வெள்ளணு குறைந்திருக்கும் நேரத்தில் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம், முதல் சுற்றுகளில் ரத்த எண்ணிக்கை இறங்கினால் மருந்து கேட்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அது எதிர்பார்த்ததுதான், பலன் தெரிய 4 முதல் 6 சுற்றுகூட ஆகலாம்.