16 கட்டம், 10 கட்டம்: மேரியோ கேள்வி பதில்

போன இதழ்ல சூப்பர் மேரியோ பிரதர்ஸ்ங்கற வீடியோ கேம் பத்தி போகிற போக்குல நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கவே இல்ல, அதனால இந்த தடவை முழுக்க மேரியோதான்.

கேள்வி: சின்ன வயசுல டிவில மேரியோவை தண்ணி பட்ட பாடா ஆடினவன் நான். இப்போ ஒரு பழைய கேம்பாய் கலரும் (கைல வச்சு ஆடற மெஷின்) அதுக்கு வந்த மேரியோ டீலக்ஸ் கேசட்டும் கிடைச்சுது. அதே லெவல், அதே எதிரி, ஆனா சும்மா சும்மா குழில விழறேன். என் கை மறந்துபோச்சா, இல்ல கேமை மாத்திட்டாங்களா? (சேலம் வாசகர்)

உங்க கை மறக்கலைங்க, கண்ணுக்கு கிடைக்கிற இடம்தான் குறைஞ்சுபோச்சு. 1985-ல ஃபேமிகாம்ங்கற நின்டெண்டோ டிவி கேம் மெஷின்ல வந்த கேமுக்கு படம் 256-க்கு 240 புள்ளி (பிக்சல்), ஒரு செங்கல் 16 புள்ளி, அப்போ திரைல குறுக்கே 16 கட்டம், உயரத்துல 15 கட்டம். 1999-ல கேம்பாய் கலருக்கு டீலக்ஸ் பண்ணும்போது அந்த மெஷினோட திரை 160-க்கு 144 தான், ஆனா மேரியோவையும் செங்கலையும் சின்னதாக்காம அதே சைஸ்ல வச்சுட்டு சுத்தி இருக்கறதை வெட்டிட்டாங்க, அதனால உங்களுக்கு தெரியறது 10-க்கு 9 கட்டம் மட்டும்தான்.

இது ஏன் இவ்ளோ படுத்துதுன்னா, பி பட்டனை அழுத்திட்டு முழு வேகத்துல ஓடற மேரியோ விநாடிக்கு சுமார் 9 கட்டம் தாண்டறான். டிவில அவன் நடுவுல ஓடினா முன்னாடி 8, 9 கட்டம் தெரியும், அதாவது குழி கண்ணுல பட்டதுல இருந்து கிட்டத்தட்ட ஒரு விநாடி இருக்கு. கை மெஷின்ல 5 கட்டம்தான், அரை விநாடிதான். நான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு 1-1 (முதல் உலகத்தோட முதல் லெவல்) ஓட்டிப் பாத்தேன், டிவில கூம்பாங்கற குட்டி எதிரி வர்றதைப் பாத்து நிதானமா தாவற ஏ பட்டனை அழுத்தறேன், கைல கூம்பா தெரிஞ்ச உடனேயே விரல் போயிருக்கணும்.

உயரத்துலயும் இதே கதைதான். 4-1-ல மேகத்து மேல உக்காந்து முள் முட்டை வீசுவானே லக்கிட்டு, தரைல ஓடும்போது அவன் எங்க இருக்கான்னே தெரியாம முட்டை மட்டும் வந்து விழும். நின்னுட்டு மேல் பட்டனை அழுத்தினா திரை மேலே நகரும், அந்த வசதியை குடுத்திருக்காங்க, ஆனா லக்கிட்டு தலைக்கு மேல இருக்கும்போது யாருங்க நின்னு பாக்கறது?

கேள்வி: எங்க வீட்ல இருந்த டிவி கேமை விட கை கேம்ல மேரியோ வேகமா ஓடற மாதிரி இருக்கு. பிரமையா? (மதுரை வாசகர்)

பிரமை இல்லைங்க. நம்ம ஊர் டிவி PAL-ங்கற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 50 தடவை படம் மாறும், ஜப்பான் அமெரிக்கா டிவில 60. மேரியோ அந்த 60-க்கு எழுதின கேம். நம்ம டிவிக்கு ஏத்த மாதிரி 50-ல ஓடற லோக்கல் டிவி கேம் பெட்டில அதே கேசட்டை போட்டா ஓட்டம், தாவல், பாட்டு எல்லாமே ஆறுல ஒரு பங்கு மெதுவாகிடும். நாம கேட்டு வளந்த அந்த மேரியோ பாட்டு, கோஜி கோண்டோ போட்ட இசை கூட கொஞ்சம் சாவகாசமானதுதான். கேம்பாய் கலர் கிட்டத்தட்ட 60-ல ஓடுது, அதான் உங்களுக்கு துரத்தற மாதிரி இருக்கு. ரெண்டு மூணு நாள்ல பழகிடும்.

கேள்வி: அப்படின்னா டீலக்ஸ் வாங்கறது தண்டம்னு சொல்றீங்களா? (கோவை வாசகர்)

ஐயோ, சொல்லவே மாட்டேன். எனக்கு ரொம்ப பிடிச்ச கேசட் அது. திரைல எடுத்துக்கிட்டதுக்கு வேற பக்கம் அள்ளிக் குடுத்திருக்காங்க. முதல்ல சேவ். பழைய கேம்ல கேம் ஓவர் ஆனா திரும்ப 1-1 தான் (டைட்டில்ல ஏ-வை பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் அழுத்தினா விட்ட உலகத்துல இருந்து ஆரம்பிக்கலாம், ஆனா அது எத்தனை பேருக்கு தெரிஞ்சிருந்துச்சு, கரண்ட் போனா அதுவும் போச்சு), டீலக்ஸ்ல லெவல் முடிச்சு சேவ் பண்ணி பைல போட்டுக்கலாம். அப்புறம் சேலஞ்ச்னு ஒண்ணு, ஒவ்வொரு லெவல்லயும் 5 சிவப்பு காசு, ஒரு யோஷி முட்டை, எட்ட வேண்டிய ஒரு ஸ்கோர். 32 லெவலும் மனப்பாடம்னு நினைச்சுட்டிருந்த எனக்கு அந்த காசைத் தேடும்போதுதான் நான் எவ்ளோ இடத்தை எட்டியே பாக்காம ஓடியிருக்கேன்னு தெரிஞ்சுது. ஒரே ஆட்டத்துல 1 லட்சம் பாயிண்ட் தாண்டினா பூங்கற பேயோட ரேஸ் விடலாம், அது செவுத்துக்குள்ள புகுந்து நேரா போயிட்டே இருக்கும், நாம சுத்திப் போகணும். 3 லட்சம் தாண்டினா 1986-ல ஜப்பான்ல டிஸ்க்ல வந்த ரெண்டாம் பாகம் திறக்கும், அதோட 9-வது உலகமும் அதுக்கப்புறம் வர்ற ஏ முதல் டி வரை உலகங்களும் இதுல கிடையாது, அது ஒரு குறைதான்.

இன்னொரு விஷயம், கேம்பாய் கலர் திரைல லைட் கிடையாது. ராத்திரி ரயில்ல அப்பர் பெர்த்ல படுத்துக்கிட்டு அந்த நீல லைட்டுக்கு திரையை சாய்ச்சு சாய்ச்சு 8-3-ல சுத்தியல் வீசற அண்ணன் தம்பிங்களை தாண்டின அன்னிக்கு எனக்கு ஒரு நிமிஷம் கை நடுங்குச்சு, டிவில தாண்டினப்ப கூட அப்படி இல்ல.

கேள்வி: கேம்பாய் கலருக்கு அடுத்த கை மெஷினான கேம்பாய் அட்வான்ஸ்ல 2004-ல வந்த மேரியோ எப்படி? (ஈரோடு வாசகர்)

அது அசல் கேமே தான், கூட எதுவும் சேக்கல. திரை 240-க்கு 160, அகலம் கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு, அதனால முன்னாடி பாக்கற தூரம் திரும்ப கிடைச்சுது. ஆனா உயரம் பத்தாதுன்னு படத்தை மேலயும் கீழயும் அமுக்கிட்டாங்க, மேரியோ கொஞ்சம் குள்ளமா தெரிவான். ஆடறதுக்கு டீலக்ஸை விட சுலபம், பாக்கறதுக்கு எனக்கு மனசு ஒப்பல.

கேள்வி: பொண்ணுக்கு 8 வயசு. எதுல ஆரம்பிச்சு வைக்கட்டும்? (திருச்சி வாசகி)

டிவிலேயே ஆரம்பிங்கம்மா, முழு 16 கட்டமும் தெரியற மாதிரி. அசல்ல விட்டு விட்டு ஒரு மாசம் ஆடட்டும், குழி எங்க, குழாய் எங்கன்னு அவளுக்கே தடம் பிடிபடட்டும். அப்புறம் டீலக்ஸை கைல குடுங்க, அப்போ திரைக்கு வெளியே இருக்கறதும் அவளுக்கு தெரிஞ்சிருக்கும். கைலதான் வேணும்னு அடம் பிடிச்சா மேரியோவோட 35 வருஷத்துக்காக 2020-ல விட்ட கேம் அண்ட் வாட்ச்ங்கற குட்டி கை மெஷின் நல்லா இருக்கு, திரை 2.36 இன்ச் தான், ஆனா வெட்டாம அமுக்காம முழுப் படமும் இருக்கு. அதுல கேமை தேர்ந்தெடுக்கும்போது ஏ-வை அழுத்தியே பிடிச்சீங்கன்னா உயிர் தீரவே தீராது, முதல் வாரம் அப்படி ஆட விடுங்க.