அப்பா பெயரில் வீடு, தெருக்காரர் கான்ட்ராக்டர், ஐந்து லட்சம் அட்வான்ஸ்

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா 1988-இல் கட்டிய வீடு இருக்கிறது. தளம் ஒழுகுகிறது, கூடத்தின் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அப்பாவுக்கு 74 வயது. குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். எல்லாவற்றையும் சீர்செய்து மாடியில் ஓர் அறையும் எடுக்க, அதே தெருவில் இருக்கும் கான்ட்ராக்டர் 12 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு கொடுத்து, 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். அப்பாவுக்கு அவரைச் சிறு வயதிலிருந்தே தெரியும் என்பதால் எழுத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்னிடம் 7 லட்சம் ரூபாய் வங்கி டெபாசிட் உள்ளது. அதை முழுவதும் எடுத்துவிட்டு, மீதிக்கு 13 சதவீத வட்டியில் தனிநபர் கடன் வாங்கலாமா? வீடு அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டியது, அவர் பெயரில்தான் இருக்கிறது. திருச்சியில் ஒரு தங்கை இருக்கிறாள். - வாசகர், கோவை

பதில்: கடனுக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் அனுப்பியிருந்த மதிப்பீட்டின் நான்காவது வரி என்னை நிறுத்திவிட்டது: ‘பாத்ரூம் வேலை முழுவதும், லம்ப்சம் 1,85,000’. அவ்வளவுதான். என்ன குழாய், பழைய கழிவுநீர்க் குழாய் மாறுமா, தரைக்கு வழுக்காத டைல்ஸா, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கைப்பிடி உண்டா? ஒன்றும் இல்லை. அப்பா விழுந்த அறை அது.

அந்த ஒரு வரியைப் பத்து வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை என்பதும் அதில் இருக்க வேண்டும். நீங்கள் விலை கூடியதை எடுத்தால் வித்தியாசத்தை மட்டும் கொடுப்பீர்கள். சிமென்ட்டுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பரில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. மதிப்பீடு அதற்கு முந்தைய விலையில் போட்டதா என்றும் கேளுங்கள்.

கூச்சம் பற்றிச் சொன்னீர்கள். நானும் அப்படிக் கூச்சப்பட்டவன்தான். என் வீட்டில் பூச்சு வேலைக்குச் சதுர அடிக் கூலி பேசினேன். அளக்கும் முறையைப் பேசவில்லை. மேஸ்திரி கதவு, ஜன்னல் திறப்புகளையும் சேர்த்து அளந்தார். நான் கழித்து அளந்தேன். 11,000 ரூபாய் வித்தியாசம். அவர் பக்கமும் நியாயம் இருந்தது: ஜன்னலின் உள் ஓரங்களைப் பூசுவது தட்டையான சுவரைப் பூசுவதைவிடச் சள்ளை பிடித்த வேலை. பாதியைக் கொடுத்து முடித்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் வரவில்லை. முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் எழுதி வாங்கியிருப்பேன். பணத்தோடு உறவும் போயிருக்காது.

அட்வான்ஸ் 5 லட்சம் என்பது வேண்டவே வேண்டாம். அவர் ஏமாற்றுவார் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை வந்தால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். உங்கள் பணம் வேறொரு தெருவில் பாதியில் நிற்கும் வேலைக்குப் போய்விடும். உங்கள் வேலைக்குப் பணம் தேவைப்படும்போது அவர் இன்னொருவர் அட்வான்ஸுக்காகக் காத்திருப்பார். பத்து சதவீதம் கொடுங்கள். தளம் முடிந்ததும் ஒரு தொகை, குழாய், வயரிங் முடிந்து சுவரை மூடும் முன் ஒரு தொகை, டைல்ஸ் ஒட்டியதும் ஒரு தொகை என்று பிரியுங்கள். சுவரை மூடும் முன் குழாய் போன வழியைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்; கோவையிலிருந்து வேறு எப்படிப் பார்ப்பீர்கள்? கடைசி ஐந்து சதவீதத்தை ஓர் ஐப்பசி மழை கழியும் வரை நிறுத்தி வையுங்கள். ஒழுகல் வேலைக்கு அதைவிட நல்ல பரிசோதகர் இல்லை. வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்கினால் பூச்சு உலரவும் வெயில் கிடைக்கும்.

மாடி அறையை இப்போதைக்குத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள். கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிற தளத்தின் மேல் புதிதாகச் சுமை ஏற்றலாமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், கான்ட்ராக்டர் அல்ல. கம்பியின் துருவை அகற்றாமல் மேலே பூசினால் அது மறுபடியும் பெயரும். தவிர, மாடி எடுக்க மாநகராட்சியின் அனுமதியும் வேண்டும்; மதிப்பீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

இனி கணக்கு. மாடிக்குப் போட்டிருக்கும் நாலரை லட்சம் போக மீதி ஏழரை. பழைய வீட்டில் சுவரை உடைத்தால் என்ன கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு ஒன்றரை லட்சம் சேர்த்து 9 லட்சம். டெபாசிட்டில் 5 எடுங்கள். மீதி 2 லட்சத்தைத் தொடாதீர்கள். 74 வயதுப் பெரியவர் இருக்கும் வீட்டில் கையில் பணமில்லாமல் இருக்கக் கூடாது. மிச்சம் 4 லட்சத்துக்குத் தனிநபர் கடன் வேண்டாம், வீடு பழுதுபார்ப்புக் கடன் கேளுங்கள். ஐந்து ஆண்டுக்கு 13 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 9,100 ரூபாய். பழுதுபார்ப்புக் கடன் 9 சதவீதத்துக்குக் கிடைத்தால் சுமார் 8,300. மொத்தத்தில் ஏறத்தாழ 48,000 ரூபாய் மிச்சம். இந்தக் கடனை வங்கிகள் பெரும்பாலும் வேலை நகர நகரத்தான் விடுவிக்கும். கான்ட்ராக்டரிடம் ‘வங்கி இப்படித்தான் தரும்’ என்று சொல்லிவிடலாம்; கூச்சத்துக்கும் அது மருந்து.

ஆனால் வீடு அப்பா பெயரில் இருப்பதால் வங்கி அவரையும் கடனில் சேர்க்கச் சொல்லும், அவர் வயதையும் பார்க்கும். வரிச் சலுகையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் பழுதுக் கடன் வட்டிக்குப் பழைய வரி முறையில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரைதான் கழிவு. அதுவும் வீட்டின் உரிமையாளருக்கு. நீங்கள் உரிமையாளர் இல்லை.

நீங்கள் கேட்காத விஷயமும் இங்கேதான் இருக்கிறது. உயில் எழுதாமல் அப்பா காலமானால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீங்கள், தங்கை மூவருக்கும் சம பங்கு. நீங்கள் போட்ட 9 லட்சத்துக்காக உங்கள் பங்கு தானாகக் கூடாது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. அப்பாவும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டால் போதும். ஆனால் அப்பாவிடம் உயில் என்ற சொல்லை எடுக்கும் முன் தங்கையிடம் பேசுங்கள். போனில் வேண்டாம். மதிப்பீட்டையும் கடன் கணக்கையும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போய் வாருங்கள். அட்வான்ஸ் அதற்கு அடுத்த வாரம்.