நிபுணரைப் பார்க்கும் நாள் வரும்வரை

கேள்வி: எங்கள் மகனுக்கு இரண்டு வயது நான்கு மாதம் ஆகிறது. பெயர் சொல்லி அழைத்தால் பெரும்பாலும் திரும்புவதில்லை. 'அம்மா' என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துச் சென்று காட்டுகிறான். குழந்தை வளர்ச்சி நிபுணரைப் பார்க்க மூன்று மாதங்கள் கழித்தே நாள் கிடைத்துள்ளது. நாக்கில் வசம்பு தேய்த்தால் பேச்சு வரும் என்கிறார் மாமியார். அதுவரை வீட்டில் என்ன செய்யலாம்?

பதில்: அந்த மூன்று மாதம் கழியக் காத்திராமல் இந்த வாரமே செய்ய வேண்டியது செவித்திறன் பரிசோதனை. "தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் ஓடி வருகிறான், காது நன்றாகவே கேட்கிறது" என்று பல பெற்றோர் என்னிடம் சொல்வதுண்டு. ஆனால் சில ஒலிகள் மட்டும் கேட்டு, பேச்சொலிகள் தெளிவாகக் கேட்காத குழந்தையும் அப்படியே ஓடி வரும். ஒலி காதிலிருந்து மூளைக்குச் சென்று சேர்கிறதா என்று குழந்தை உறங்கும்போது பார்க்கும் 'பெரா' பரிசோதனையில் ஐயம் தீர்ந்துவிடும். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ, டி.இ.ஐ.சி. என்று அழைக்கப்படும் மாவட்ட இடையீட்டு சேவை மையத்திலோ இதைப் பற்றிக் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தின் கீழ் வரும் இந்த மையங்கள், பிறந்தது முதல் 18 வயது வரையிலான குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கண்டறிந்து உதவுபவை. நிபுணர் தரும் நாளுக்கு முன்பே பயிற்சி தொடங்க அங்கு வழியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு வருகிறேன். உங்கள் மகன் கையைப் பிடித்து இழுப்பதைக் குறையாக மட்டும் பார்க்காதீர்கள். தன் தேவையை இன்னொருவர் மூலம் நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது, நாம் கட்ட வேண்டியது அதன் மேல்தான். அதற்கு உங்கள் மாமியாரே சிறந்த துணை. வசம்பைத் தேய்ப்பதால் பேச்சு வராது. பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை, பிறரைக் கவனிப்பதிலும் புரிந்துகொள்வதிலும் தொடங்குகிறது. அவரிடம் வசம்புக்குப் பதிலாகப் பருப்புக் கடையும் விளையாட்டைக் கொடுங்கள். பேரனை எதிரே உட்கார வைத்து, உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, 'நண்டு ஊருது, நரி ஊருது' என்று விரல்களைக் கைவழியே மேலேற்றி, அக்குளைத் தொடுவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு, மனத்திற்குள் ஐந்து எண்ணும்வரை பேசாமல் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். அவன் கண் நிமிர்ந்து பார்த்தாலோ, கை நீண்டாலோ, ஏதேனும் ஒலி எழுந்தாலோ 'இன்னும் வேண்டும்' என்று அவன் கேட்டதாகவே அதை எடுத்துக்கொண்டு உடனே கிச்சுக்கிச்சு மூட்ட வேண்டும். குளிக்கும்போது அடுத்த சொம்பைத் தூக்கிப் பிடித்து 'ஊத்து' என்று ஒரே சொல்லைச் சொல்லி நிறுத்துவதும் இதே முறைதான். சொன்னால்தான் தருவேன் என்று சாப்பாட்டையோ தண்ணீரையோ பிடித்து வைப்பது மட்டும் வேண்டாம். அந்தப் பிடிவாதத்தில் குழந்தை அழக் கற்றுக்கொள்கிறதே தவிரப் பேசக் கற்றுக்கொள்வதில்லை.

கைப்பேசியைப் பார்த்தபடி உண்ணும் பழக்கம் இருந்தால் ஒரு வேளையிலிருந்து அதை நீக்கத் தொடங்குங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, அதற்கும் குறைவு நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதல். வீட்டில் தமிழ் பேசினால் தமிழிலேயே பேசுங்கள். பள்ளிக்காக இப்போதே ஆங்கிலத்துக்கு மாறுவதால் அவனுக்கு எந்த நன்மையும் இல்லை. அங்கன்வாடிக்கு அனுப்பத் தயங்க வேண்டாம். பேச்சு வரவைக்க ஸ்டெம் செல் ஊசி, விசேஷ மருந்து என்று யாரேனும் பணம் கேட்டால் விலகிவிடுங்கள்.

பெயர் சொல்லி அழைக்கும்போது, விளையாடும்போது, சாப்பிடும்போது என இரண்டு நிமிடக் காணொளிகளைக் கைப்பேசியில் எடுத்து வையுங்கள். புதிய இடத்தில் மிரண்டு நிற்கும் குழந்தையிடம் அரை மணி நேரத்தில் நாங்கள் காண முடியாததை அவை காட்டிவிடும். பிறந்தபோது தந்த டிஸ்சார்ஜ் சீட்டையும், புதிதாக வந்த சொல், சைகை, உறக்கம் ஆகியவற்றைத் தேதியுடன் குறித்த நோட்டையும் உடன் கொண்டு வாருங்கள்.

இதற்கிடையில் வலிப்பு வந்தாலோ, அழைத்தாலும் தொட்டாலும் அசையாமல் சில நொடிகள் வெறித்துப் பார்ப்பது அடிக்கடி நேர்ந்தாலோ, 'அம்மா' என்ற அந்த ஒரு சொல்லும் மறைந்துவிட்டாலோ, கொடுத்த நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.