கிரிக்ஹவல் நடைவிழா: கேள்வி பதில்

வேல்ஸ் நாட்டின் தென்கிழக்கில், அஸ்க் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் கிரிக்ஹவல். வேல்ஸ் மக்கள் கொண்டாடும் புனித தாவீது நாளான மார்ச் 1-ஐ ஒட்டி அங்கே நடைபெற்றுவரும் நடைவிழாவில், ஆற்றோர நடை முதல் பிளாக் மவுண்டன்ஸ் மலைமுகடுகள் வரை, வழிகாட்டிகள் குழுக்களை அழைத்துச் செல்கிறார்கள். இவ்விழாவுக்குச் செல்ல விரும்பும் வாசகர்களின் கேள்விகளுக்கு, அந்த மலைகளில் குழுக்களை நடத்திச் செல்லும் அனுபவமுள்ள தமிழ் வழிகாட்டி ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி (பிரிஸ்டல்): வணக்கம் ஐயா. நான் அலுவலக வேலையில் இருப்பவன். தினமும் பூங்காவில் ஒரு மணி நேரம் விறுவிறுப்பாக நடக்கிறேன். 16 கிலோமீட்டர் கொண்ட "கடினம்" என்ற நடையில் சேரலாமா? இந்த மலைகளின் உயரமும் ஆயிரம் மீட்டருக்குள்தானே?

பதில்: நீங்கள் தூரத்தைப் பார்க்கிறீர்கள், முதலில் பார்க்க வேண்டியது அன்றைய மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதை. ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த கணக்கை இன்றும் நாங்கள் பயன்படுத்துகிறோம்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 16 கிலோமீட்டர் நடையில் 800 மீட்டர் ஏற்றம் இருக்குமானால், 3 மணி 12 நிமிடமும் 1 மணி 20 நிமிடமும் சேர்ந்து நான்கரை மணி நேரம் ஆகிறது. ஆனால் இது நல்ல தடத்தில், நல்ல வானிலையில், எங்கும் நிற்காமல் நடக்கும் ஒருவருக்கான கணக்கு. பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக வேலிப்படி ஏறி இறங்கி, மழைக்கோட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக, சேற்றில் கால் வைக்க இடம் தேடி, மதியம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நடந்தால், அதே வழிக்கு ஆறு அல்லது ஆறரை மணி நேரம் பிடிக்கும். மார்ச் தொடக்கத்தில் மாலை ஆறு மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆயிரம் மீட்டருக்குள்தானே என்று நம்மவர்கள் பலரும் கேட்பதுண்டு. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே நம்மை ஏற்றிவிடுவது பேருந்து. இங்கே ஊர் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பிளாக் மவுண்டன்ஸின் மிக உயர்ந்த இடமான வைன் வாக் 811 மீட்டரில் இருக்கிறது. இடைப்பட்டதை உங்கள் கால்கள்தான் ஏற வேண்டும். "எளிது", "நடுத்தரம்", "கடினம்" என்பவற்றுக்கு எல்லா விழாக்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஆகவே அந்தச் சொற்களை நம்பாமல், ஏற்றம் குறிப்பிடப்படவில்லையானால் அமைப்பாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாளுக்கு, ஊருக்கு நேர் மேலே நிற்கும் டேபிள் மவுண்டன் நடையைத் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. அதன் உச்சி 451 மீட்டர். ஏற வேண்டியது சுமார் 360 மீட்டர். உச்சியில் இரும்புக்காலக் கோட்டையின் கல் வரம்புகளைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரிடம் மூச்சிரைக்காமல் பேச முடிந்தால், மறுநாள் நீண்ட நடைக்குப் போகலாம்.

கேள்வி (லண்டன், குராய்டன்): நானும் கணவரும் முதன்முறையாக வருகிறோம். ஓட்டத்துக்கான காலணி, ஜீன்ஸ், தடித்த குளிர்கோட்டு, குடை ஆகியவை போதுமா?

பதில்: குடையை அறையிலேயே வைத்துவிடுங்கள், முகட்டில் வீசும் காற்று அதை ஒரு நிமிடத்தில் முறித்துவிடும். ஜீன்ஸும் வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் எளிதில் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். சீக்கிரம் உலரும் செயற்கை இழைக் காற்சட்டை, அதற்கு மேல் மழை புகாத காற்சட்டை என்று அணிவது நல்லது. ஒரே தடித்த கோட்டை அணிந்து ஏறினால் அரை மணியில் உள்ளே வேர்த்து நனைந்துவிடுவீர்கள். நின்றதும் அந்த ஈரமே குளிரில் நடுக்கும். மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற மேல்சட்டை, அதன்மேல் மழைக்கோட்டு என்று மூன்றாகப் பிரித்து அணிந்தால், ஏறும்போது கழற்றவும் நிற்கும்போது மாட்டவும் வசதியாக இருக்கும்.

உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்கு சராசரியாக ஆறரை பாகை வெப்பம் குறைகிறது. ஊரில் 7 பாகை இருக்கும் காலையில் வைன் வாக் மேட்டில் 2 பாகை அளவில்தான் இருக்கும். காற்றும் சேரும்போது உடலுக்கு அது உறைபனிக்குக் கீழே இருப்பதாகவே தோன்றும். காலணியைப் பொறுத்தவரை, கணுக்காலை மூடும், அடியில் ஆழமான பள்ளங்கள் கொண்ட பூட்ஸ் அணியுங்கள். புதிதாக வாங்குவதானால், விழாவுக்குச் சில வாரங்கள் முன்பே வாங்கி நடந்து பழகிவிட வேண்டும். வழிகாட்டியின் முதலுதவிப் பையில் முதலில் தீர்ந்துபோவது கொப்புளத்துக்கான பிளாஸ்திரிதான். உணவுக்கு நம் கட்டுச்சோறே போதும். எலுமிச்சைச் சோறு குளிரில் விறைத்துவிடுவதால், சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கை வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தால் கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம். ஃபிளாஸ்கில் சூடான தேநீரை மறக்க வேண்டாம்.

கேள்வி (கார்டிஃப்): ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், ஆனால் படி இறங்கும்போது முழங்கால் வலிக்கிறது என்கிறார். அவரை அழைத்து வரலாமா?

பதில்: தாராளமாக அழைத்து வாருங்கள், ஆனால் மலைமுகட்டு நடைக்கு வேண்டாம். இறங்கும்போது வலிக்கும் முழங்காலுக்கு, ஏற்றத்தைவிட இறக்கமே பகை. அவருக்கு ஏற்றது மான்மத்ஷையர்-பிரெக்கன் கால்வாய்க் கரை. 1812-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட அந்தக் கால்வாய், மலைச்சரிவின் வளைவுகளை ஒட்டியே வெட்டப்பட்டதால், மைல் கணக்கில் ஒரே மட்டத்தில் செல்கிறது. குதிரைகள் படகு இழுத்த கரைப்பாதைதான் இன்று நடைபாதை.

அதில் பழகிய பிறகு, கால்வாய்க் கரையிலுள்ள டாலிபாண்ட் சிற்றூரிலிருந்து ட்ரெவில் சுண்ணாம்புக்கல் குவாரிவரை செல்லும் பிரைனோர் டிராம்பாதையின் ஒரு பகுதியை நடக்கலாம். 1815-இல் அமைந்த அந்தத் தடத்தில், சுமையேற்றிய வண்டிகளைக் குதிரைகளைக் கொண்டு கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டியிருந்ததால், சரிவை மிக மென்மையாக வைத்திருக்கிறார்கள். தண்டவாளம் எப்போதோ போய்விட்டது. அதைத் தாங்கிய சதுரக் கற்கள் இரண்டு வரிசையாகப் புல்லுக்குள் இன்னும் கிடக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஆணி அடித்த துளை இருக்கிறது. அம்மாவிடம் அந்தத் துளையில் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஊன்றுகோல்களும் வாங்கிக் கொடுங்கள். இறங்கும்போது அவற்றைச் சற்று நீட்டிவைத்து முன்னால் ஊன்றினால் முழங்காலின் சுமை குறையும்.

கேள்வி (லெஸ்டர்): வழிகாட்டிகள் பயிற்சி பெற்றவர்களா, அல்லது உள்ளூர் ஆர்வலர்களா?

பதில்: இரு வகையினரும் உண்டு. பிரிட்டனில் "மவுண்டன் லீடர்" தகுதி பெற ஆறு நாள் பயிற்சியும் ஐந்து நாள் தேர்வும் இருக்கின்றன. தேர்வுக்கு வருமுன் குறைந்தது நாற்பது நாள் மலை அனுபவத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும், பதினாறு மணி நேர முதலுதவிச் சான்றும் வேண்டும். செங்குத்தான பாறைகள் இல்லாத மேட்டுநிலங்களுக்கு ஒன்றும், தாழ்நிலங்களுக்கு ஒன்றுமாகத் தனித் தகுதிகளும் உண்டு. ஆற்றங்கரையையும் தேவாலயங்களையும் காட்டும் நடைக்கு, சான்றிதழைவிட அந்த மண்ணில் ஊறிய முதியவர் ஒருவரே மேல். வைன் வாக் போன்ற இடத்துக்குத் தகுதி பெற்றவர் கட்டாயம் தேவை. அந்த உச்சி மட்கிய செடிகளாலான தட்டையான கரிச்சேற்று மேடு, மேகம் இறங்கிவிட்டால் எந்தப் பக்கம் இறங்குவது என்று காட்ட அங்கே ஓர் அடையாளமும் இராது.

கேள்வி (பர்மிங்ஹாம்): நடுவழியில் களைத்துவிட்டால் நான் மட்டும் திரும்பிவிடலாமா? மற்றவர்களைக் காக்க வைக்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: வழிகாட்டியிடம் சொல்லாமல் ஒரு போதும் திரும்பாதீர்கள். ஒவ்வொரு வேலிப்படியைத் தாண்டியதும், முன்னால் போகும் வழிகாட்டி சற்று ஒதுங்கி நின்று, பூட்ஸ் நாடாவைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டோ பேசிக்கொண்டோ தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். வரிசையின் கடைசியில் வரும் துணை வழிகாட்டியின் கண்ணைப் பார்த்து எண்ணிக்கை சரி என்று தெரிந்த பிறகே நகர்வார். ஒரு தலை குறைந்தால் முழுக் குழுவும் நிற்க வேண்டும். களைப்பை முதல் மணி நேரத்திலேயே சொன்னால், சாலைக்கு அருகில் இருக்கும்போதே துணை வழிகாட்டியுடன் உங்களை இறக்கிவிடலாம். முகட்டுக்குப் போன பிறகு சொன்னால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. சர்க்கரை நோய், இதயக் கோளாறு, ஆஸ்துமா போன்றவற்றைப் புறப்படும் முன்பே தனியாகச் சொல்லி, மருந்தைப் பையின் எந்த அறையில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் காட்டிவிடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. குழுவின் வேகம் என்பது அதில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான்.

கேள்வி (சென்னை): எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்தவருக்கும் இந்த ஊருக்கும் தொடர்பு உண்டாமே?

பதில்: உண்டு. ஜார்ஜ் எவரெஸ்டின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த குவெர்ன்வேல் மாளிகை கிரிக்ஹவலின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. அவர் பல ஆண்டுகள் உழைத்த, நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் இந்தியப் பெரும் முக்கோண அளவையை வில்லியம் லாம்டன் 1802-இல் தொடங்கியது உங்கள் பறங்கிமலைக்கு அருகில்தான். எவரெஸ்ட் 1818-இல் லாம்டனின் உதவியாளராகச் சேர்ந்து, 1823-இல் அப்பணியின் தலைமையை ஏற்று, 1843-இல் ஓய்வு பெற்றார். சிகரத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது 1865-இல். மாளிகைக்கு அருகில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே, புதிய கற்காலக் கல்லறை ஒன்று எஞ்சியிருக்கிறது; விரைந்து செல்லும் கார்களுக்கு அது கண்ணில் படுவதில்லை.

கேள்வி (ரெடிங்): நாயை அழைத்து வரலாமா?

பதில்: நடைக்கு நடை விதி மாறும், குறிப்பைப் பாருங்கள். பொதுமக்கள் நடமாட உரிமை பெற்ற திறந்தவெளி நிலங்களில், மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில் நாயைக் கட்டி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அது ஆடு ஈனும் காலமும் ஆகும். என்னைக் கேட்டால், இந்த விழாவுக்கு நாய் வேண்டாம்.

கேள்வி (ஸ்வான்சீ): எங்களுக்குப் பழைய கோயில், தேவாலயம் பார்ப்பதில் ஆர்வம். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: லாந்தோனி பள்ளத்தாக்குப் பக்கம் செல்லும் நடை ஏதேனும் இருந்தால் யோசிக்காமல் பதிவு செய்யுங்கள். அங்கே கும்யோய் என்ற இடத்தில் உள்ள புனித மார்ட்டின் தேவாலயம், நிலச்சரிவு மண்ணின்மேல் கட்டப்பட்டது. அடிமண் நகர்ந்து நகர்ந்து, கோபுரம் ஒரு பக்கமும் கூடம் இன்னொரு பக்கமும் சாய்ந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்து பலிபீடத்தை நோக்கி நடந்தால், சுவரும் சன்னலும் தரையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல், நாம்தான் தள்ளாடுகிறோமோ என்ற ஐயம் வந்துவிடும். முட்டுக்கொடுத்த கற்சுவர்களை வெளியே போய்ப் பார்த்த பிறகுதான் மனம் தெளியும். இந்த மலைகளின் செம்மணற்கல்லும் அதற்கு அடியில் உள்ள மென்மையான படிவுகளும் எப்படிச் சரிகின்றன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

அதே நடை மலைத்தோள் தாண்டிப் பாட்ரிஷோ தேவாலயத்துக்கும் போகுமானால் இன்னும் நல்லது. அங்கே மக்கள் கூடத்தையும் பலிபீடப் பகுதியையும் பிரிக்கும் மரச்செதுக்குத் தடுப்பு ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கொடியும் இலையுமாகச் செதுக்கிய அந்த வேலைப்பாட்டுக்கு வண்ணம் பூசாமல் மரத்தின் நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். எதிர்ச்சுவரில் கையில் மண்வெட்டியோடு ஓர் எலும்புக்கூடு வரையப்பட்டிருக்கிறது. பூட்ஸில் சேறு இருந்தால் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போவது மரியாதை.

கேள்வி (மான்செஸ்டர்): கார் இல்லாமல் வர முடியுமா?

பதில்: ஆபர்கவென்னி வரை ரயில், அங்கிருந்து பிரெக்கன் செல்லும் பேருந்து கிரிக்ஹவலில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஆக்ஸ்ஃபோர்டு): விழா முடிந்த பிறகு நாங்கள் நான்கு மாணவர்கள் தனியே மலையேற நினைக்கிறோம். கைபேசி வரைபடம் போதாதா?

பதில்: போதாது. குளிரில் கைபேசி மின்கலம் சீக்கிரம் இறங்கிவிடும், ஈரக் கையுறைக்குத் திரையும் பணியாது. பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவுள்ள ஓஎல்13 தாளை வாங்கி, திசைகாட்டியோடு பயன்படுத்தப் பழகுங்கள். விழாவிலேயே வரைபடப் பயிற்சி இருந்தால், ஒரு நடையை விட்டுவிட்டாவது அதில் சேருங்கள். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு செங்குத்து, விலகியிருந்தால் மென்மை என்பதை அறையில் தெரிந்துகொள்வது வேறு, மலையில் நின்று காலால் தெரிந்துகொள்வது வேறு.

விபத்து நேர்ந்தால் 999 அழைத்து, முதலில் காவல்துறையைக் கேட்டு, அவர்களிடம் மலைமீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பள்ளத்தாக்குகளில் பேசும் அளவுக்கு அலைவரிசை கிடைக்காவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேருவதுண்டு. அதற்கு உங்கள் எண்ணை முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். இன்றே 'ரிஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, பதிலில் சொல்வதைச் செய்து முடித்துவிடுங்கள். ஊதலும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஊத வேண்டும். எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைத் தங்கும் விடுதியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். திரும்பியதும் அவர்களிடம் சொல்லவும் மறக்காதீர்கள்.